வெள்ளிமுடியில் ஒரு பச்சைக் கறை

அந்த வீட்டின் காலை உணவு மேசையில் முதலில் பேசுவது ஆவுடையப்பனின் இடது முழங்கால்தான்.

"நேற்று மாடி ஏறியதில் தேய்மானம் இல்லை. இரவுக் குளிரில் சிறு விறைப்பு. இப்போது சரியாகிவிட்டது" என்று அது தெளிவான குரலில் அறிக்கை படிக்கும். அது முடித்ததும் வலது முழங்கால் தொடங்கும். பேசுமூட்டு பொருத்திக்கொண்ட முதியவர்கள் இருந்த எல்லா வீடுகளிலும் இதுதான் வழக்கம். இட்லிக்குச் சட்னி ஊற்றுவதற்குள் மூட்டுகள் பேசி முடித்துவிட வேண்டும் என்பது மட்டும் ஆவுடையப்பன் தன் வீட்டுக்கென்று போட்ட சட்டம். அடுத்த வீட்டு மூட்டுகள் நாள் முழுவதும் புலம்புவது தெருமுனை வரை கேட்கும். தன் குடும்பத்தில் பிறருக்குக் கேட்கும்படி எதுவும் புலம்பக் கூடாது என்று அவர் நினைத்தார்.

அன்று வலது முழங்கால் வழக்கத்துக்கு மாறாக இன்னொரு செய்தியும் சொன்னது.

"வெள்ளிமுடி ஏறுவதற்கு எங்கள் சம்மதத்தை உங்கள் மருமகள் கேட்டிருந்தார். இருவரும் சம்மதிக்கிறோம். இறங்கும்போது மட்டும் கைத்தடி வேண்டும்."

ஆவுடையப்பன் இட்லியைப் பிட்ட கையை நிறுத்தினார்.

"ஏ பிரமு, என் காலு. என்கிட்ட கேக்காம அதுககிட்ட எதுக்குக் கேட்ட?"

"உங்ககிட்ட கேட்டா சரின்னுதான் சொல்லுவீங்க மாமா. அதுகதான் உள்ளதச் சொல்லும்" என்றாள் பிரமநாயகி.

அவர் பிட்ட இட்லியை வாயில் போட்டுக்கொண்டார். கோபப்பட்டால் முழங்கால்கள் அதையும் குறித்துக்கொள்ளும்.

மேலப்பாறையடியின் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் வெள்ளிமுடி தெரியும். பார்க்கலாமே ஒழிய, ஏற முடியாது. அந்த மலைப்பகுதி தேசியப் பூங்காவாகி வெகுகாலம் ஆகிவிட்டது. வேர்களிலும் பாறை இடுக்குகளிலும் ஓடைகளிலும் கடுகு அளவில் உணரிகளைத் தூவி, அவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பின்னி, 'மலைமனம்' என்ற ஓர் அறிவை உருவாக்கியிருந்தார்கள். எந்தப் பள்ளத்தாக்கில் யானை குட்டி போட்டிருக்கிறது, எந்தச் சரிவு களைத்திருக்கிறது, எத்தனை மனிதர்களை மலை தாங்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்வதும் அதுவே. அமைச்சரின் சிபாரிசுக் கடிதத்தை அது ஒருமுறை கரையான்களுக்கு உணவாக ஏற்றுக்கொண்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு.

பிரமு வருடம் தவறாமல் விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். கணவன் நிலவுச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். கூட வர யாரும் இல்லாவிட்டாலும் அவள் அசரவில்லை. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் தினமும் ஒளியால் ஆன வெள்ளிமுடி ஒன்று எழும்பும். சாம்பார் வாளிக்கும் தோசைத் தட்டுக்கும் நடுவே அவள் விரலால் பாதை போடுவாள். இந்த ஊற்றில் தண்ணீர் பிடிக்கலாம், இந்தச் சரிவில் அட்டை ஏறும், இந்தக் குடிலில் இரவு தங்கலாம். காலாற நடப்பது போதாது என்று, அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் படிகளில் ஏறி இறங்கவும் செய்தாள். மலை ஒவ்வொரு வருடமும் "இம்முறை இல்லை" என்று பதில் அனுப்பியது.

இந்த வருடம் விட்டால் இனி வாய்ப்பில்லை. உச்சிப்பகுதி களைத்துவிட்டதாகவும், மழைக்காலம் தொடங்கியதும் இரண்டு தலைமுறைக் காலத்துக்கு அது ஓய்வெடுக்கப் போவதாகவும் மலைமனம் அறிவித்திருந்தது. அதன்பின் மனிதக் கால் அங்கே படாது.

ஆவுடையப்பன் இந்த ஒருமுறை உடன்வர முன்வந்ததற்குக் காரணம் வேறு. அவருடைய பூட்டனார் மந்திரமூர்த்தி, பி.ஏ., இந்த ஊரிலிருந்து முதன்முதலில் வெள்ளிமுடியின் உச்சியில் நின்ற மனிதர். குடும்பத்தில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சோறூட்டும்போது சொல்லப்படும் செய்தி அது. பிரமுவின் கல்யாணப் பந்தியில், அவளைப் பெற்ற நெல்லைநாயகம் ரசம் ஊற்றிக்கொண்டே, "எங்க பூட்டன் தளவாய்நாயகம்லா மொதல்ல ஏறுனாவ" என்று சொல்லிவிட்டார். அன்று தொடங்கிய வழக்கு. இரண்டு சம்பந்திகளும் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்பதும் நெல்லைநாயகம்தான், முதலில் சீண்டுவதும் அவர்தான். இருவரிடமும் ஆதாரம் இல்லை. உச்சி மூடப்படுவதற்குள் அதைக் கண்டுவிட வேண்டும் என்பது ஆவுடையப்பனின் எண்ணம். சொத்து போனால் சம்பாதிக்கலாம். குடும்பத்தின் பெயர் சந்தேகத்தில் நின்றுவிட்டால் இரண்டு தலைமுறைக்கு யார் காத்திருப்பது?

விண்ணப்பத்தை ஏற்பதற்கு முன் மலைமனம் தன் தூதனை அனுப்பிக் குடும்பத்தை நேரில் பார்க்கும். தூதன் வரும் நாளன்று பிரமு ரவா கேசரி கிண்டினாள். ஆவுடையப்பன் சலவை வேட்டியில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு பாக்க வாரவன் மாதிரில்லா இருக்கு. நம்ம போய் மலையப் பாத்த காலம் போயி, மலை வந்து நம்மளப் பாக்குது."

"கொஞ்சம் சிரிச்ச மொகமா இருங்க மாமா."

"இருக்க மொகம்தான் இருக்கும்."

தூதன் வந்தது. வெள்ளாட்டின் உயரம், நான்கு கால்கள், முதுகெல்லாம் பாசி. அதன் கழுத்தோரம் ஒரு சிறு பெரணி முளைத்திருந்தது. கால்களை மிதியடியில் துடைத்துவிட்டு உள்ளே வந்து நின்றது. அதன் பின்னாலேயே, அழைக்காமலே, எதிர்வீட்டு நெல்லைநாயகமும் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சும்மா, கேசரி வாசம் வந்துது" என்றார்.

தூதன் கேசரியை நன்றியுடன் மறுத்துவிட்டு விசாரணையைத் தொடங்கியது.

"காட்டுக்குள் நீங்கள் உரக்கப் பேசுவீர்களா?"

"எங்க வீட்ல யாருமே உரக்கப் பேச மாட்டாவ!" என்றார் ஆவுடையப்பன். அலமாரியில் இருந்த டம்ளர்கள் அதிர்ந்தன. தூதனின் முதுகில் இருந்த பூச்சி ஒன்று பறந்து போனது.

"இதற்கு முன் உங்கள் குடும்பத்தினர் யாராவது இந்த மலைக்கு வந்ததுண்டா?"

இந்தக் கேள்விக்காகவே அவர் பல வருடங்களாகக் காத்திருந்தார். சம்பந்தியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க பூட்டனார். வெ. மந்திரமூர்த்தி, பி.ஏ., மேலப்பாறையடி. உச்சியில நின்ன மொத ஆளு. நல்லாக் கேட்டுக்கிடும்."

தூதன் சற்று நேரம் அசையாமல் நின்றது. மலையில் எங்கோ லட்சக்கணக்கான உணரிகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன.

"ஆம். அவர் வந்திருக்கிறார்."

ஆவுடையப்பனின் முழங்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில், "இதயத் துடிப்பு அதிகம்" என்றன.

"வாய மூடுங்கலே!" என்று அவற்றை அதட்டிவிட்டு, "கேட்டியளா சம்பந்தி? மலையே சொல்லுது!" என்றார். நெல்லைநாயகம் கேசரிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆதாரம் இருக்கிறது" என்று தூதன் சுவரில் ஒளிப்படத்தை விரித்தது.

வெள்ளிமுடியின் உச்சி. மழை நேராகப் படாத உட்சரிவில் யானை அளவு ஒரு பாறை. அதில், பச்சை எனாமல் பெயிண்டில், ஆள் உயர எழுத்துகள்:

உபயம்: வெ. மந்திரமூர்த்தி, பி.ஏ., குடும்பத்தார், மேலப்பாறையடி.

அதன்கீழ் ஒரு கைப்பேசி எண்.

"இந்த எண்ணுக்குப் பலமுறை அழைத்துப் பார்த்தோம். யாரும் எடுக்கவில்லை" என்றது தூதன். "உபயமாக அவர் எதைக் கொடுத்தார் என்றும் தேடினோம். அங்கே பாறையைத் தவிர எதுவும் இல்லை. பாறை அவருக்கு முன்பே இருந்தது."

அந்தக் காலத்தில் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தாலும் வெளிச்சம் வெளியே வர இடமில்லாமல் அதன்மேல் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். படிக்கட்டில் மிதிபடும் கல்லிலும் பெயர் இருக்கும், தண்ணீர்ப் பானையின் மூடியிலும் பெயர் இருக்கும். மந்திரமூர்த்தி தன் காலத்து மனிதர். உச்சிக்கு ஏறிவிட்டு, பெயர் எழுதாமல் இறங்க அவருக்குத் தெரிந்திருக்காது.

நெல்லைநாயகம் முதலில் இருமினார். பிறகு சிரித்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல உபயம் சம்பந்தி! மலையையே எழுதிக் குடுத்துட்டாவளே!"

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் பிரமு.

தூதன் தொடர்ந்தது. "மலை ஓய்வெடுப்பதற்கு முன் இந்தக் கறை நீங்க வேண்டும். பெயிண்டைச் சுற்றிக் கற்பாசி வளர்ந்திருக்கிறது. இயந்திர விசையை அது தாங்காது. மனிதக் கை தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்தால்தான் பாசி பிழைக்கும். எழுதியவரின் வம்சத்தினரே துடைக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. நீங்கள் அந்த வம்சம்தானா என்பதை நீங்களே சொல்ல வேண்டும். இல்லை என்றால் வேறு ஆளை நியமிப்போம். உங்கள் விண்ணப்பம் வழக்கமான வரிசைக்குப் போகும்."



இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வேறு மந்திரமூர்த்தி; ஊரில் அந்தப் பெயர் எத்தனையோ பேருக்கு. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் முதலில் ஏறியவரும் வேறு மந்திரமூர்த்தி ஆகிவிடுவார். ஆமாம் என்றால் பெருமையோடு கறையும் வீட்டுக்குள் வந்து உட்காரும். எதிர்வீட்டில் அதற்குச் சாட்சியும் உண்டு. பிரமு மாமனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் ஒளிர்ந்துகொண்டிருந்த சின்ன மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க சம்பந்தி. உங்க பூட்டன்தானா, இல்லையா?" என்றார் நெல்லைநாயகம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்தார்.

"எங்க பூட்டன்தான். எழுதுனது எங்க ஆளு. அழிக்கதும் எங்க ஆளுதான். வேற எவனும் எங்க பேருல கை வைக்கக் கூடாது."

"அனுமதி வழங்கப்பட்டது" என்றது தூதன்.

பிரமு கேசரிச் சட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டாள். இத்தனை வருடங்கள் சத்தம் போடாமல், குப்பை போடாமல், ஒரு பூவைக் கிள்ளாமல் ஒழுங்காக வாழ்ந்து கிடைக்காத அனுமதி, பூட்டனார் ஒரு டப்பா பெயிண்டைத் தூக்கிக்கொண்டு ஏறியதால் கிடைத்துவிட்டது.

செய்தி பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவியது. மறுநாள் காலை பூங்கா வாயிலில் நின்ற தூதனின் முன்னால் நீண்ட வரிசை. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் குடும்பம் காட்டில் ஒரு காகிதம்கூடப் போட்டதில்லை என்று சத்தியம் செய்தவர்கள் எல்லாம், இப்போது தங்கள் தாத்தாக்களின் குப்பையைத் தேடி வந்திருந்தார்கள்.

"ஓடைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கெடக்காமே? அது எங்க தாத்தா போட்டதுதான்."

"உங்க தாத்தா எங்க போட்டாரு? அவரு அடிவாரத்துலயே மூச்சு வாங்கி உக்காந்துட்டாரு. போட்டது எங்க பெரியப்பா!"

"சிப்ஸ் பாக்கெட் ஏதாவது கெடந்தா சொல்லும் தூதரே. எங்க ஆச்சிக்குச் சிப்ஸ்னா உசிரு."

வரிசையின் கடைசியில் நெல்லைநாயகம் தலையைக் குனிந்தபடி நின்றார். அவர் முறை வந்தபோது குரலைத் தாழ்த்தினார்.

"தளவாய்நாயகம்னு ஒரு பேரு. எங்கயாவது கிறுக்கியிருப்பாவ. நல்லாத் தேடிப் பாரும்."

தூதன் தேடியது. "இல்லை. உங்கள் குடும்பத்தின் கறை எதுவும் மலையில் தெரியவில்லை."

"ஒரு பீடித் துண்டு?"

"இல்லை."

வாழ்க்கையில் அவர் இவ்வளவு அவமானப்பட்டதில்லை. "எங்க வம்சத்துல ஒருத்தனுக்குக்கூடவா ஒழுங்கா ஒரு குப்பை போடத் தெரியல" என்று முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

இருந்தாலும் புறப்படும் நாளில் அடிவாரம் வரைக்கும் உடன் வந்தார். மகளின் முதுகுப்பையைத் தூக்கிப் பார்த்து, வாழை இலையில் கட்டிய எலுமிச்சம் சாதம், தேங்காய் நார் கட்டு, தண்ணீர்க் குடுவை எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தார். அடிவாரக் குடிலில் தங்கி, அவர்கள் இறங்கும் வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

"நல்லாத் தேயுங்க சம்பந்தி. மானம் போயிரப் போகுது."

"உம்ம வேலையப் பாரும்" என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் கைத்தடியை ஊன்றி ஏறத் தொடங்கினார்.

பிரமு மேசையில் விரலால் போட்ட பாதை இப்போது காலடியில் ஈரமாகக் கிடந்தது. அவள் சொன்ன இடத்தில் ஊற்று இருந்தது, சொன்ன இடத்தில் அட்டையும் ஏறியது. சோலைக்குள் அவள் இலைகளை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒருமுறை மட்டும் திரும்பி, "மாமா, அந்த வாசம் வருது பாத்தியளா?" என்றாள். என்ன வாசம் என்று அவருக்குத் தெரியவில்லை. இருந்தும் தலையசைத்தார். முழங்கால்கள்கூட அன்று அறிக்கை படிக்க மறந்துவிட்டன.

மறுநாள் காலை உச்சியில் நின்றார்கள். மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. பூட்டனார் நின்ற இடத்தில் ஆவுடையப்பன் நிமிர்ந்து நின்று பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, தேங்காய் நாரை எடுத்தார்.

வேலை மெல்லத்தான் நடந்தது. பாசியில் படாமல், பெயிண்டை மட்டும் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். 'குடும்பத்தார்' போனது. 'பி.ஏ.' போகும்போது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. வழிகாட்டியாக உடன் ஏறி வந்த தூதன் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தது. 'மந்திர' என்ற எழுத்துகளைத் தேய்த்தபோது அவர் கை நின்றது.

பச்சைக்குக் கீழே கறுப்பாக ஏதோ இருந்தது. தார். இன்னும் கொஞ்சம் தேய்த்தார். ஒரு 'த' வந்தது. பிறகு ஒரு 'ள'. பூட்டனார் வெறும் பாறையில் எழுதவில்லை. ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு பெயரின் மேல், அது தெரியாதபடி, பெரிதாக எழுதியிருக்கிறார். எல்லா எழுத்தும் வெளியே வருவதற்கு முன்பே ஆவுடையப்பனுக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது.

தளவாய்நாயகம்.

தூதன் திரும்ப இன்னும் நேரம் இருந்தது. தார் பழையது, நாலு முறை அழுத்தித் தேய்த்தால் போய்விடும். அடிவாரத்தில் இருப்பவருக்குத் தெரியப் போவதில்லை. பிரமு பார்த்துவிட்டாள். பார்த்தவள் சட்டென்று மேகத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு இது புகுந்த வீடு, அது பிறந்த வீடு. எதையும் சொல்லக் கூடாது என்று அவள் வாயை மூடி நின்றது அவருடைய முதுகுக்குத் தெரிந்தது.

ஆவுடையப்பன் நாரைக் கீழே வைத்தார்.

"ஏ தூதா!" மலை எதிரொலித்தது. உரக்கப் பேசாத குடும்பம் என்று சொன்னது அவருக்கு நினைவு வந்து குரலைத் தாழ்த்தினார். "இங்கன வாரும். கீழ ஒரு ஆளு கெடக்காரு. அவரு வேலை இங்க பாக்கி இருக்கு. எதுத்த வீட்டுக்காரன் கறையத் துடைக்க நாங்க ஆளில்ல. வரச் சொல்லும்."

நெல்லைநாயகம் ஏற்றத்தில் நடையைத் தாங்கும் துணைக்கால்களைக் கட்டிக்கொண்டு, மறுநாள் நண்பகலில் மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார். பாறையைப் பார்த்தார். கறுப்பு எழுத்தைக் கையால் தடவினார். பச்சைக்கு அடியில் கறுப்பு இருந்தால் முதலில் ஏறியது யார் என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. சம்பந்தி வாய் திறந்தால் சிரிப்புத்தான் வரும் என்று எதிர்பார்த்தே ஆவுடையப்பன் முகத்தை இறுக்கி வைத்திருந்தார்.

நெல்லைநாயகம் சிரிக்கவில்லை.

"சத்தமில்லாம அழிச்சிருக்கலாம்லா?" என்றார்.

"உம்ம வேலைய நான் எதுக்குச் செய்யணும்? இந்தாரும், நாரப் பிடியும்."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நெல்லைநாயகம், "பாவி, எம்புட்டு தார ஊத்தியிருக்கான்" என்று தன் பூட்டனைத் திட்டினார். "எங்காளு மட்டும் என்ன, ரெண்டு கோட்டிங் அடிச்சிருக்கான்" என்று ஆவுடையப்பன் தன் பூட்டனைத் திட்டினார். அவர்கள் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப் போனார்கள். வெயில் சாயத் தொடங்கியபோது பாறை பாறையாக மட்டும் இருந்தது. கற்பாசியின் ஒரு இதழும் கிழியவில்லை.

"நன்றி. வேறு குழு எதுவும் உச்சிக்கு வரப் போவதில்லை" என்றது தூதன். "நீங்கள் இறங்கியதும் மலை ஓய்வைத் தொடங்கும். அதற்குமுன் இங்கே நின்ற கடைசி மனிதர்கள் நீங்கள்."

இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க முன்னால எறங்குங்க சம்பந்தி. உங்க காலுக்குத்தான் சிரமம்" என்றார் நெல்லைநாயகம் மிகுந்த அன்போடு.

"சேச்சே. நீங்கதான் கடைசியா ஏறுனவரு. களைச்சிருப்பிய. நீங்க முன்னால போங்க."

"பெரியவங்க முன்னால போணும்லா. அதான மரியாதை."

"சம்பந்திய முன்னால விடதுதான் எங்க குடும்பத்து மரியாதை."

பிரமுவுக்குப் புரிந்துவிட்டது. முதலில் ஏறியது யார் என்ற வழக்கு முடிந்து, கடைசியாக இறங்கியது யார் என்ற வழக்கு தொடங்கியிருந்தது. மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. இருவரும் பாறைபோல நின்றார்கள்.

"ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணா எறங்குங்க" என்றாள். "ஒரே எட்டு. நான் நாரெல்லாம் பொறுக்கிக்கிட்டு வாரேன்."

இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது. கைகோத்துக்கொண்டு, மற்றவர் கால் பின்தங்குகிறதா என்று கீழே பார்த்துக்கொண்டே, ஒரே எட்டாக எடுத்து வைத்து இறங்கினார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு உயிர் நண்பர்கள் போலத்தான் தெரிந்திருக்கும். "நீங்க இழுக்கிய சம்பந்தி." "நான் எங்க இழுக்கேன், நீருதான் நிக்கீரு." குரல்கள் மேகத்துக்குள் போய்க் கரைந்தன.

பிரமு நார்த் துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி இலையில் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். பிறகு பாறையில் முதுகைச் சாய்த்து நின்றாள். மேற்கே மடிப்பு மடிப்பாக மலைகள். அவள் சாப்பாட்டு மேசையில் எழும்பாதவை. இத்தனை இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"உச்சியில் கடைசியாக நின்றவர் நீங்கள்" என்றது தூதன். "இரண்டு தலைமுறைக்குப் பிறகு வருபவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால் சொல்கிறோம். என்ன பெயர் என்று சொல்ல வேண்டும்?"

பிரமு சிரித்தாள்.

"பேரு எதுக்கு? தண்ணி எந்த ஊத்துல நல்லாருக்கும்னு மட்டும் சொல்லு, போதும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் இறங்கத் தொடங்கினாள். கீழே மேகத்துக்குள், தங்களில் யார் கடைசி என்று இரண்டு பெரியவர்களும் இன்னும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.